ஊர்ல மழையா?

இலக்கியம் படித்த ஐந்து பேர் சேர்ந்தால் எதைப் பற்றிப் பேசுவீர்கள் என்று வகுப்பில் ஒரு மாணவர் கேட்டார். இட்லி மாவைப் பற்றி என்றோம். வகுப்பு சிரித்தது. நாம் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அன்று காலைகூட அதைத்தான் பேசிவிட்டு வந்திருந்தோம். தை மாதக் குளிரில் இரவெல்லாம் வைத்திருந்தும் மாவு பொங்கவில்லை என்று நாம் சொல்ல, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்பின் பக்கத்தில் வைக்கச் சொல்லி நெய்வேலி நண்பர் ஆலோசனை வழங்க, தம் வீட்டில் நான்கு மணி நேரத்தில் மாவு பாத்திரத்தை விட்டு வெளிநடப்புச் செய்துவிடுகிறது என்று சிங்கப்பூர் நண்பர் அலுத்துக்கொள்ள, கைபேசியில் அரை மணி நேரம் போயிருந்தது.

ஐவரும் அண்ணாமலைநகரில் முதுகலைத் தமிழ் ஒன்றாகப் படித்தவர்கள். ஒருவர் நெய்வேலியில், ஒருவர் நாகர்கோவிலில், ஒருவர் சிங்கப்பூரில் தமிழாசிரியராக. இன்னொருவர் திருகோணமலையிலிருந்து வந்து எங்களோடு படித்தவர். 2002இல் போர்நிறுத்தம் வந்தபின் ஊர் திரும்பினார். நாம் மட்டும் எங்கும் போகவில்லை. சிதம்பரத்திலிருந்து வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டி வந்தால் இருக்கும் புவனகிரியிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

அந்நாளில் பேச்சு வேறு விதம். மௌனி வாழ்ந்து மறைந்த ஊரில் படிக்கிறோம் என்கிற மிதப்பு எங்கள் எல்லோருக்கும் உண்டு. மௌனியா, புதுமைப்பித்தனா என்று விடுதி மொட்டைமாடியில் தொடங்கும் வழக்கு தேநீர்க் கடையில் தொடர்ந்து, விடியும்போது யாராவது ஒருவர் கோபித்துக்கொண்டு போவதில் முடியும். மௌனியை ஒரு சொல் குறைத்துப் பேசியதற்காக நாகர்கோவில் நண்பர் நம்மோடு நான்கு நாள் பேசாமல் இருந்தார். அதே மனிதர் இப்போது நாள்தோறும் துணி காய்ந்ததா, காயவில்லையா என்று அறிவித்துக்கொண்டிருக்கிறார்.

இதில் நமக்கு நெடுநாள் ஒரு மனக்குறை இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏதேனும் ஒரு புதிய நாவலைப் பற்றி ஒரு வரி சொன்னால் எல்லோரும் நல்லது என்பார்கள். பத்து நிமிடம் அமைதி. பிறகு யாராவது, “இங்கே மூட்டமாக இருக்கிறது” என்பார். உடனே ஐந்து ஊர்களும் விழித்துக்கொள்ளும். மரக்கதவு நீர் ஏறி உப்பிச் சாத்த முடியவில்லை என்பார் ஒருவர். உப்பு ஜாடி கசிந்து நீர்த்துவிட்டது, தீப்பெட்டி நமுத்துவிட்டது என்பார் மற்றவர். மாசி பங்குனி வந்தால் வடகம் போட வெயில் போதுமா, காக்கையை விரட்ட யார் உட்காருவது என்று போகும். சித்திரையில் எங்கள் வெள்ளாற்றில் கடல்நீர் ஏறிக் கரிக்கத் தொடங்குவதை நாம் சொல்வோம். ஆனி ஆடியில் நாகர்கோவிலுக்குச் சாரல். அவருக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு. இரட்டைச் சம்பளக்காரர் என்று மற்றவர்களுக்குப் பொறாமை. காற்றின் திசையைக் கேட்டுக்கொண்டு, மேற்கிலிருந்து வந்தால் கோடை, வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே தென்றல் என்று பெயர் சூட்டுவதோடு எங்கள் முதுகலைப் பட்டத்தின் பயன் முடிந்துவிடும்.

ஐப்பசி பிறந்தால் இந்தப் பேச்சின் நிறம் மாறும். கடலூர் மாவட்டத்துக்கு ஆண்டு முழுவதும் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ப்பது. எங்கள் ஊரில் பெய்ய வேண்டும் என்றுகூட இல்லை. மேற்கே பெய்தால் போதும். சேத்தியாத்தோப்பு அணைக்கட்டில் எவ்வளவு திறந்தார்கள் என்பதுதான் வெள்ளாற்றங்கரைக் கேள்வி. வடகிழக்குப் பருவக்காற்று திருகோணமலைக்கும் புவனகிரிக்கும் சிங்கப்பூருக்கும் பொதுச்சொத்து என்பதால், கார்த்திகை மார்கழியில் மூன்று வீட்டிலும் ஒரே சமயத்தில் துணி காயாது.

தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. மணிக்கு 140 கி.மீ. வேகத்துக் காற்று. பண்ருட்டிப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. நெய்வேலி நண்பரின் குடும்பத் தோப்பு அந்தப் பக்கத்தில்தான். முந்தின இரவு பதினொரு மணி வரை காற்று எப்படி வீசுகிறது என்று வர்ணனை செய்துகொண்டிருந்தவர் அதன்பின் ஓசையில்லாமல் போனார். மின்சாரம் இல்லை, தொலைபேசியும் இல்லை. நான்காம் நாள் அவரே அழைத்தார்.

“இங்க நல்ல வெயில்ப்பா” என்றார்.

வேறு ஒன்றும் சொல்லவில்லை. நாமும் நல்ல வெயில்தான் என்றோம். தோப்பில் நின்ற பலா மரங்கள் அவருடைய பாட்டனார் வைத்தவை என்பதும், அவற்றில் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பதும் ஓராண்டு கழித்து வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. 2015 நவம்பர் 9இல் நெய்வேலியில் ஒரே நாளில் 48 செ.மீ. பெய்தபோதும், ஓராண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரு பகல் இரவில் இறங்கியபோதும், அவர் அளவைத்தான் சொன்னார். கட்டிலின் மேல் மேசையை ஏற்றி, மேசையின் மேல் புத்தகங்களை ஏற்றிய கதை பிறகு வந்தது.

சிங்கப்பூர் நண்பரின் கதைக்கு வருவோம். இதை எழுத அவர்தான் காரணம்.

அவருடைய அம்மா புவனகிரியில் நமக்கு அடுத்த தெருவில் தனியாக இருந்தார். சீமை ஓடு வேய்ந்த பழைய வீடு. நடுவில் முற்றம், கிணற்றடியில் தகரக் கொட்டகை, பின்கட்டில் மண்சுவர் வைத்த அடுப்படி. மகனோடு போய் இருக்க அம்மாவுக்கு இசைவில்லை. இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு, அங்கே மழை பெய்தால் சத்தமே கேட்பதில்லை என்று குறை சொல்லித் திரும்பிவிட்டார். பன்னிரண்டாம் மாடியில் கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் இருந்தால் எப்படிக் கேட்கும்?

நண்பர் ஒவ்வொரு நாளும் நம்மிடம் கேட்கும் முதல் கேள்வி, “ஊர்ல மழையா?” நாம் ஊர் முழுவதற்கும் விடை சொல்வோம். ஆற்றில் தண்ணீர் எவ்வளவு, கடைத்தெரு எப்படி, பள்ளிக்கு விடுமுறை விட்டார்களா என்று அடுக்குவோம். தொலைக்காட்சியில் ரமணன் சொன்னதையும், அவர் ஓய்வு பெற்ற பின் பிரதீப் ஜான் எழுதியதையும் சேர்த்துக்கொள்வோம். அவர் ஊர் என்று கேட்டது அந்த ஓட்டு வீட்டை மட்டும்தான் என்பது நமக்கு உறைக்க ஆண்டுகள் ஆயின.

அம்மாவுக்குச் சொந்தமாக ஒரு மழைக் கணக்கு உண்டு. முற்றத்தில் ஓர் அலுமினியக் குண்டானை வைத்துவிடுவார். காலையில் விரலை விட்டுப் பார்த்து, இரண்டு விரற்கடை, மூன்று விரற்கடை என்று மகனுக்குச் சொல்வார். வானிலைத் துறையும் காலை 8.30 மணிக்குத்தான் முந்தின இருபத்து நான்கு மணி நேர மழையை அளக்கிறது. அந்த வகையில் அம்மாவின் முறை சரியே. ஆனால் மழையை அளக்கும் பாத்திரம் வாயும் அடியும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். இது வாய் குறுகி வயிறு பெருத்த குண்டான். இதில் மூன்று விரற்கடை நின்றால் வெளியில் அதைவிட அதிகம் பெய்திருக்கும். ஒருநாள் இதை விளக்கிச் சொன்னோம். அம்மா குண்டானையும் நம்மையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “கொறைச்சலாவே இருக்கட்டும் தம்பி, அவன் பயப்படுவான்” என்றார்.

2020இல் அவர் சித்திரைக்கு வருவதாக இருந்தது. மார்ச்சில் விமானங்கள் நின்றன. சித்திரை போய், ஆடி போய், ஐப்பசியும் வந்தது. நவம்பர் 25 இரவு நிவர் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையேறியது. எங்களுக்குக் காற்றும் மழையும் இருந்தன. பெரிய கேடு இல்லை. தப்பித்தோம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்ட ஒரு வாரத்தில் புரெவி வந்தது. டிசம்பர் 2 இரவு அது திருகோணமலைக்கு வடக்கே தரையேறி இலங்கையைக் கடந்தது. “எங்களைத் தாண்டிட்டுது. காற்று பெரிசா இல்லை. இனி உங்கட பக்கம்தான்” என்று திருகோணமலை நண்பர் சொன்னார். மன்னார் வளைகுடாவுக்குள் வந்த புயல் வலுவிழந்து இராமநாதபுரம் கரையோரமாக நகராமல் நின்றுவிட்டது. வலுவிழந்தது என்று கேட்டு மகிழ்ந்தவர்களில் நாமும் உண்டு. ஓடுகிற புயல் தன் மழையைப் பல ஊருக்குப் பகிர்ந்துகொண்டு போகும். நின்றுவிட்டது அத்தனையையும் ஓரிடத்தில் கொட்டும் என்பது பிறகுதான் புரிந்தது. டிசம்பர் 4 காலைக் கணக்கில் சிதம்பரத்தில் 30 செ.மீ.க்கு மேல். நடராசர் கோயிலுக்குள் தண்ணீர் நின்றது.

அந்தக் காலையில் விடிந்தும் விடியாமலும் குடையை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனோம். முழங்கால் அளவு தண்ணீர். குடையால் ஒரு பயனும் இல்லை. அம்மா தெருத்திண்ணையில் டிரங்குப் பெட்டியை மடியோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“ஒண்ணுமில்ல தம்பி. பின்னாடி செவுரு கொஞ்சம் சாஞ்சிடுச்சி” என்றார்.

உள்ளே போய்ப் பார்த்தோம். அடுப்படியின் மண்சுவர் முழுவதும் உள்பக்கமாக விழுந்து கிடந்தது. அதன்மேல் ஓடும் கழியும். மழைநாளில் அம்மா வெதுவெதுப்புக்காக அடுப்படியில்தான் பாயை விரிப்பது வழக்கம் என்பது நமக்குத் தெரியும். பாயின் ஓரம் மண்ணுக்கு வெளியே தெரிந்தது.

“தலமாட்டுல சொட்டிக்கிட்டே இருந்திச்சி. சனியன், தூங்கவுடாம. அதான் கூடத்துக்கு எழுந்து வந்தேன். வந்து படுத்த கொஞ்ச நேரத்துல தொம்முன்னு ஒரு சத்தம்.”

கூட்டிக்கொண்டு நம் வீட்டுக்குப் புறப்பட்டபோது, தண்ணீரின் நடுவில் நின்று கையைப் பிடித்துக்கொண்டார். “அவங்கிட்ட சொல்லாத தம்பி. சொன்னா என்னா பண்ணுவான்? பறந்தா வர முடியும்? பிளேனே இல்ல.”

வீட்டுக்கு வந்து தலை துவட்டும்போது கைபேசியில் அவருடைய கேள்வி காத்திருந்தது. ஊர்ல மழையா?

வெளியே ஊற்றிக்கொண்டிருந்தது. விட்டுவிட்டது என்று எழுதினோம். அம்மா நலம், குண்டான் நிரம்பிவிட்டதாம் என்றும் சேர்த்தோம். நல்லது என்று பதில் வந்தது.

அம்மா நம் வீட்டில் பத்தொன்பது நாள் இருந்தார். மாலையில் மகன் அழைப்பார். அம்மா கூடத்து மூலையில் உட்கார்ந்து, தன் வீட்டில் இருப்பதாகவே பேசுவார்.

“முத்தத்துல தண்ணி நிக்குதாம்மா?”

“எல்லாம் வடிஞ்சிடுச்சிப்பா.”

“வெறகு நனைஞ்சிடுச்சா?”

“பரண்ல போட்டது காய்ஞ்சதா இருக்குது. நல்லா எரியுது.”

எரிந்தது நம் வீட்டு எரிவாயு அடுப்பு. மகன் விடாமல் கேட்பார். கிணறு எவ்வளவு ஏறியிருக்கிறது, முருங்கை நிற்கிறதா, ஓட்டில் எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று ஒவ்வொன்றாக. அம்மாவும் ஒவ்வொன்றுக்கும் தயங்காமல் விடை சொல்வார். இல்லாத அடுப்படியில் எறும்பு புற்று வைத்திருப்பதாகக்கூட ஒருநாள் சொன்னார். நம் மனைவியால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. எழுந்து உள்ளே போய்விடுவார். “நீங்களாவது அவர்கிட்ட சொல்லிடுங்களேன்” என்றார் இரண்டு மூன்று முறை. சொல்லவில்லை.

அந்த வாரம் இணையவழி வகுப்பில் குறுந்தொகை நடத்த வேண்டியிருந்தது. கார்காலத்தில் வருவேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை. மழை பெய்து கொன்றை பூத்துவிட்டது. தலைவி கலங்குகிறாள். இது கார்காலமே அன்று, பருவம் தப்பிய மழையைப் பார்த்து இந்த அறிவில்லாத மரம் ஏமாந்து பூத்துவிட்டது என்று தோழி சொல்கிறாள். பருவம் அன்று என்று வற்புறுத்தல் என இத்துறைக்குப் பெயர். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் தோழியின் சொல்வன்மைக்கு எடுத்துக்காட்டாக இதை நடத்தி, மாணவர்களைச் சிரிக்கவும் வைத்திருக்கிறோம். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும் என்று தொல்காப்பியத்தைத் துணைக்கு அழைத்து, பொழுதைப் பற்றிப் பேசினால் மனத்தைப் பற்றிப் பேசுவதாகப் பொருள் என்று தேர்வுக்குக் குறிப்பும் கொடுத்திருக்கிறோம். அதே வாயால்தான், நண்பர்கள் மழையைத் தவிர வேறொன்றும் பேசுவதில்லை என்று குறைபட்டுக்கொண்டதும். அன்று பாதியில் நிறுத்திக்கொண்டோம். இணைப்புச் சரியில்லை என்று மாணவர்களிடம் சொன்னோம். அந்த வாரத்தில் நாம் சொன்ன இரண்டாவது பொய். தோழி சொன்னதைத் தலைவி நம்பினாளா என்பது பாட்டில் இல்லை. பாட்டு தோழியின் பேச்சோடு முடிந்துவிடுகிறது.

நண்பர் 2022 மே மாதத்தில்தான் வர முடிந்தது. அதற்குள் பின்கட்டில் செங்கல் வைத்துச் சுவர் எழுப்பிச் சுண்ணாம்பும் அடித்தாயிற்று. செலவை எப்படி ஈடுகட்டினோம் என்பது வேறு கதை. அம்மா கொல்லையில் முருங்கைக்கீரை பறித்துக்கொண்டிருந்தபோது அவர் அடுப்படிக்குள் போய்ப் புதுச் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“புரெவியிலதானே?”

நமக்கு வாய் எழவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டோம்.

“தகரம்” என்றார்.

விளங்கவில்லை.

“கெணத்தடித் தகரம்ப்பா. மழை பேஞ்சா அம்மா பேசறதே கேக்காது, அவ்வளவு சத்தம். அந்தப் பத்துப் பதினைஞ்சு நாளு ஒரு நாள்கூட தகரம் கேக்கல. மழை விட்டுடுச்சின்னு நீ சொன்ன. டிவியில பாத்தா கோயிலுக்குள்ள தண்ணி நிக்குது. அம்மா அங்க இல்லன்னு மொத நாளே தெரிஞ்சிடுச்சி. பேசறப்ப பின்னாடி ஒங்க வீட்டுக் குக்கர் விசில் வேற.”

“அப்புறம் ஏம்ப்பா கேக்கல?”

“கேட்டா அம்மா இன்னொரு பொய் சொல்லணும். நீயும் சொல்லணும்.”

தெரிந்துகொண்டேதான் அத்தனை நாளும் விறகு நனைந்ததா என்று கேட்டிருக்கிறார். எறும்புப் புற்றுக்கு மஞ்சள்தூள் போடச் சொன்னதும் நினைவுக்கு வந்தது. அம்மா கீரையோடு உள்ளே வந்தார். பேச்சு வெயிலைப் பற்றித் திரும்பியது. அக்கினி நட்சத்திரம் முடிய இன்னும் எத்தனை நாள் என்று அவர் கேட்க, விரல்விட்டு எண்ணிச் சொன்னோம்.

அம்மா 2023 ஐப்பசியில் காலமானார். காரியங்கள் முடிந்து புறப்படும்போது நண்பர் வீட்டுச் சாவியை நம்மிடம் கொடுத்தார். விற்பது பற்றிப் பேச்சு வந்தது, போனது. இன்னும் முடிவாகவில்லை.

அதன்பின் சில மாதம் அவர் மழையைப் பற்றிக் கேட்கவில்லை. நெய்வேலியும் நாகர்கோவிலும் திருகோணமலையும் வழக்கம்போல் பேசிக்கொண்டிருந்தன. அவர் ஓரிரு சொல்லோடு நிறுத்திக்கொள்வார். மாவு பொங்குவதைப் பற்றிக்கூட வாய் திறக்கவில்லை.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறிக்கொண்டிருந்த மாலை. அடுத்த நாள் காலைக்குள் புதுச்சேரியில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை பெய்திருந்தது. கைபேசி ஒலித்தது. எடுத்தவுடன் பழைய கேள்வி.

“ஊர்ல மழையா?”

பெய்கிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லியிருக்கலாம். கொஞ்சம் இரு என்று சொல்லிவிட்டு, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போனோம். கதவு உப்பிப்போயிருந்தது; தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். அதைத் தாண்டிக் கிணற்றடிக்குப் போய், தகரத்தின் அடியில் நின்று அவரை அழைத்து, கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தோம். கை வலிக்கும் வரை பிடித்திருந்தோம். நான்கைந்து நிமிடம் இருக்கும். காதில் வைத்தபோது அந்தப் பக்கம் அழைப்பு துண்டிக்கப்படவில்லை.

“குண்டான் வச்சியா?” என்றார்.

“காலையிலேயே வச்சாச்சி. எங்க வீட்டு மாடியிலதான்.”

“எவ்வளவு நிக்குது?”

“வரும்போது பாத்தது. மூணு வெரக்கடை.”

“வாய் குறுகலுப்பா அது” என்றார். “நாலுன்னு போட்டுக்க.”